கோழிக்கூண்டின் பழுதுப் புத்தகம்

அக்டோபர் 13

இது மின்வாரியத்தில் பழுது எழுதுகிற புத்தகம். நான் ஓய்வு பெற்ற அன்று எழுதாமல் ஒன்று மேசையில் கிடந்தது. கையோடு எடுத்து வந்துவிட்டேன். பருவநிலை, பழுது, எடுத்த நடவடிக்கை என்று முப்பத்து நான்கு வருடம் எழுதிய கை. வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

பருவநிலை: காலையிலிருந்து தூறல். மேகம் வாசற்படிவரை வந்து நிற்கிறது.

பழுது: ரெஜினா வீட்டில் இல்லை. கோயம்புத்தூரில் மகள் ஷைனி வீட்டுக்கு நேற்றுப் போயிருக்கிறாள். இரண்டு வாரத்தில் வந்துவிடுவாள்.

நடவடிக்கை: கோழிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏழு பெட்டை, ஒரு சேவல். எல்லாம் ரெஜினா வளர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை முட்டைப் பொரியலைத் தவிர எனக்கும் அவற்றுக்கும் இதுவரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எட்டுக்கும் பேர் வைத்திருக்கிறாள். தலை மட்டும் வெள்ளையாக இருப்பது சிஸ்டராம். எந்நேரமும் யாரையாவது முறைப்பது டீச்சராம். கழுத்தில் இறகே இல்லாதது மொட்டச்சி. சேவலுக்கு கவர்னர் என்று பட்டம். அறுபத்து மூன்று வயதில் நான் வாசலில் நின்று "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிடுவதாக இல்லை. மின்கம்பத்துக்குப் போடுவது போல ஒன்றிலிருந்து எட்டுவரை எண் போட்டுவிட்டேன். சேவல் எட்டு.

அக்டோபர் 15

பருவநிலை: மழை. கேத்திப் பள்ளத்தாக்கு கண்ணிலேயே படவில்லை.

பூசை முடிந்து வந்தால் பக்கத்து வீட்டுப் போஜன் வாசலில் குடையோடு நிற்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். யோசனை சொல்வதில் மட்டும் மூத்தவர்.

"அண்ணா, ஐப்பசி மழை இப்பவே பிடிச்சாச்சு. அப்புறம் பனி. இதுங்களை நீங்க காப்பாத்த மாட்டீங்க. அக்கா வர்ற வரைக்கும் எங்க கூண்டுல விட்டுருங்க."

"இருபத்திரண்டாயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்துல தொங்கிட்டு வேலை பார்த்தவன் நான். எட்டு கோழிக்குப் பயப்படுவேனா?"

"வோல்ட்டுக்குச் சளி பிடிக்காதுங்கண்ணா."

கதவைச் சாத்திக்கொண்டேன். காப்பாற்றிக் காட்டுகிறேன்.

அக்டோபர் 19

பழுது: மழை வந்தால் கூண்டுக்குள் போக வேண்டும் என்கிற அறிவு எட்டில் ஒன்றுக்கும் கிடையாது. கூண்டுக் கதவு திறந்தே இருக்கிறது. எல்லாம் வெளியே கொய்யா மரத்தடியில் நின்று, சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டு என்னைப் பார்க்கின்றன.

நடவடிக்கை: ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே போட்டேன். எண் 5 மணிக்கட்டில் கொத்தியது. வழுக்கி ஒரு முறை விழுந்தேன். போஜன் வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 22

இன்று காலை கூண்டு முழுக்க இறகு. எண் 1 பாதி உரித்துப்போட்டது போல நிற்கிறது. ஏதோ பெரிய நோய் என்று நினைத்து ஷைனிக்குப் போன் போட்டேன்.

"இருங்கப்பா, கேட்டுச் சொல்றேன்," என்றாள். அரை நிமிடம் கழித்து, "வருஷா வருஷம் இந்த மாசம் உதிருமாம். புதுசா முளைக்குமாம். அது முளைச்சு முடிக்கிற வரைக்கும் முட்டை வைக்காதாம். பயப்பட வேணாமாம். கம்போட கொஞ்சம் கருவாட்டுத் தூள் கலந்து போடச் சொல்றாங்க."

"அம்மாகிட்ட போனைக் குடு."

"அம்மா குளிச்சுட்டு இருக்காங்கப்பா."

குளித்துக்கொண்டே கோழி வைத்தியம் சொல்ல என் மனைவிக்கு வரும் என்று இன்றுதான் தெரிந்தது.

அக்டோபர் 27

இரண்டு வாரம் ஆகிவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்திருக்கும். அதனால்தான் வரவில்லை.

அக்டோபர் 28

போஜன் நேற்று பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்வந்தாராம். பாதை நன்றாக இருக்கிறதாம். நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்.

அக்டோபர் 30

பருவநிலை: காற்றோடு மழை. சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது.

பழுது: கூண்டின் மேற்பாதியில் நாலு பக்கமும் வெறும் கம்பி வலை. சாரல் நேராக உள்ளே வருகிறது. ரெஜினா இதை வைத்துக்கொண்டு ஆறு வருடம் எப்படி ஓட்டினாள் என்று தெரியவில்லை. சாக்கு கட்டித் தொங்கவிடுவாள், வெயில் வந்தால் சுருட்டிவிடுவாள், மறுபடி இறக்குவாள். ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தச் சாக்கோடு மல்லுக்கட்டுவாள்.

நடவடிக்கை: ஒரே நாளில் தீர்வு கண்டேன். வலைமேல் சுற்றிலும் தார்ப்பாய், அதன்மேல் சாக்கு, அதன்மேல் பலகைச் சட்டம். மூலைகளில் இன்சுலேஷன் டேப். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பழைய கம்பளியைத் திணித்து அடைத்தேன். உள்ளே நூறு வாட் பல்பு. மாலை ஐந்தரைக்கு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் ஓர் எறும்புகூட என் அனுமதி இல்லாமல் போக முடியாது.

இந்த வீட்டையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எல்லா ஜன்னல் இடுக்கிலும் துணி வைத்து அடைத்திருக்கிறது. படுக்கையறை ஜன்னலுக்கு இந்த மாதம் பத்தாம் தேதி ஆறு ஆணி அடித்தேன். ரெஜினா பன்னிரண்டாம் தேதி போனாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 3

பழுது: கூரை ஒழுகுகிறது. கீழே போட்ட மரத்தூள் எல்லாம் சொதசொதவென்று இருக்கிறது. கோழிகளின் முதுகிலும் ஈரம்.

நடவடிக்கை: தகரத்தின்மேல் ஏறி ஆணி ஆணியாகத் தார் தடவினேன்.

நவம்பர் 4

நேற்று மதியத்துக்குப் பிறகு மழையே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் உள்ளே மட்டும் தகரத்திலிருந்து சொட்டுகிறது. இது என்ன கணக்கு என்று புரியவில்லை. கூரைமேல் இன்னொரு தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். கதவைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறுகிறது. கோழி என்றால் நாறத்தான் செய்யும்.

நவம்பர் 6

எண் 4-க்கு மூச்சில் கொரகொரவென்று சத்தம். ஒரு கண் வீங்கிப்போயிருக்கிறது. ரெஜினா பேர் வைத்த கணக்கில் இதுதான் சிஸ்டர். கால்நடை மருந்தகத்துக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து தந்தார்கள்.

"கூண்டு எப்படிங்க? ஈரம் இல்லாம இருக்கா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார்.

"குளிர் ஒரு பொட்டு உள்ளே வராதுங்க," என்றேன்.

அவர் கேட்டது அது இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. திரும்பிப் போய்ச் சொல்லவா முடியும்.

நவம்பர் 8

ரெஜினாவின் தம்பி செபஸ்தியான் போன் பண்ணினான். மேட்டுப்பாளையத்தில் காய்கறி ஏற்றும் வண்டி வைத்திருக்கிறான். நல்ல பையன்தான். இன்றைக்கு அவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அக்கா கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் எங்க வீட்டு மாடிக்கே வந்துடறேன்னு சொல்லிட்டாங்க. ஷைனி வீடு சின்னதுல்ல. புது வருஷம் முடிஞ்சு ரெண்டாம் தேதி வண்டி எடுத்துட்டு மேல வர்றேன். கோழிங்களையும் அக்கா துணிமணியையும் ஏத்திக்கிறேன்."

"துணி அவ துணி. அவளே வந்து எடுத்துக்கட்டும். கோழியில ஒரு இறகைக்கூட நீ ஏத்த முடியாது மாப்ள."

"அது அக்கா கோழி மாமா."

"அப்ப அக்காவே வந்து கேக்கட்டும்."

வைத்துவிட்டான். பழுது என்ன என்று இனி மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. அவள் திரும்பி வருவதாக இல்லை. அவள் இந்த வீட்டில் விட்டுப்போனதில் உயிருள்ளவை இந்த எட்டும் நானும்தான். என்னைக் கேட்கவில்லை, கோழிகளைக் கேட்டிருக்கிறாள். இவை இங்கே இருக்கும்வரை அவளுக்கு இந்த வீட்டில் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அதுவும் முடிந்தது. அதனால் கொடுக்க மாட்டேன். எவன் வண்டி கொண்டுவந்தாலும் சரி.

நவம்பர் 9

எண் 4 இறந்துவிட்டது.

நவம்பர் 11

ஷைனி போன். "கோழி எல்லாம் நல்லா இருக்கான்னு அம்மா கேக்கறாங்கப்பா."

"எட்டும் ஜம்முனு இருக்குன்னு சொல்லு."

எண் 6-க்கும் நேற்றிலிருந்து அதே கொரகொரப்பு. ரெஜினா கணக்கில் கறுப்பி. அந்த நிறத்தில் கண் வீங்கினால் வெளியே தெரிவதில்லை. பல்பை மாற்றி இருநூறு வாட் போட்டேன்.

நவம்பர் 13

எண் 6 காலையில் போய்விட்டது.

கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். போஜன் வந்து மண்வெட்டியை வாங்கி மீதியை அவரே வெட்டினார். பிறகு கூண்டுக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்துக்கொண்டு இருமினார். கண்ணில் தண்ணீர்.

"என்னங்கண்ணா பண்ணி வச்சிருக்கீங்க? காத்து எங்க?"

"காத்து வரக் கூடாதுன்னுதானே அடைச்சிருக்கு. வெளிய குளிர் பத்து டிகிரி."

"குளிர் கோழியக் கொல்லாதுங்கண்ணா. மேல போர்வையோடதான் பொறந்திருக்கு. அதோட மூச்சும் எச்சமும் ஈரமா மேல போகுது, போக வழி இல்லாம தகரத்துல பட்டுத் திரும்ப அது தலையிலயே சொட்டுது. நான் முப்பது வருஷம் இலை வாட்டுற தொட்டிகிட்ட நின்னவன். இலை வாடணும்னா வெறும் சூடு ஆகாது, காத்து ஓடணும். காத்து நின்னா அழுகிரும்."

"இது இலை இல்ல, கோழி."

"சரிங்கண்ணா. இதுக்குள்ள நீங்க ஒரு மணி நேரம் உக்காருவீங்களா?"

"உக்காந்து காட்டறேன்யா. வெளிய தாழ்ப்பாளைப் போடு."

போட்டார். சாயங்காலம் ஐந்தே முக்கால். கோழிகள் ஆறும் பரண்கம்பில் ஏறி உட்கார்ந்திருந்தன. நான் கீழே ஈர மரத்தூளில் குந்தினேன். முதலில் கதகதப்பாகத்தான் இருந்தது, நான் சொன்னது சரி என்று நினைத்தேன். பிறகு கண் எரிந்தது. மூக்கு எரிந்தது. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்து இழுத்தாலும் உள்ளே ஒன்றும் போகவில்லை. மேலே பார்த்தால் எண் 2, அந்த மொட்டச்சி, என்னைப் போலவே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது.

கதவைத் தட்டினேன். போஜன் திறந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பதினோரு நிமிடம்.

போகிறபோது ரெஜினா வாசலில் பையோடு நின்று சொன்னதை இதுவரை எழுதவில்லை. "இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுதுங்க. எத்தனை வருஷமா சொல்றேன்," என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் பதினோரு நிமிடம் இருந்தேன். அவள் முப்பத்தொரு வருடம் இருந்திருக்கிறாள்.

நவம்பர் 14

பருவநிலை: மழை. இருக்கட்டும்.

நடவடிக்கை: தார்ப்பாய், சட்டம், டேப் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தேன். கீழ்ப்பாதிக்கு மட்டும் பலகை அடித்தேன், கோழி உட்காரும் உயரத்தில் காற்று நேரே படாதபடி. கூரைக்குக் கீழே நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி, அதற்குக் கம்பி வலை. சாரல் வராமல் தகரத்தை இரண்டடி வெளியே நீட்டினேன். ஈர மரத்தூளை மொத்தமாக வாரிக் கொட்டிவிட்டு அடுப்புச் சாம்பலும் காய்ந்த மரத்தூளும் அரையடிக்குப் போட்டேன். பல்பைக் கழற்றினேன். குளிரில் எதையும் திறந்துவைக்க என்னால் முடியாது. ஆனால் செய்துவிட்டேன்.

நவம்பர் 20

ஆறு நாளாக விடாத மழை. எண் 3-க்குக் கேட்ட லேசான கொரகொரப்பு நின்றுவிட்டது. மரத்தூளைக் கையில் அள்ளிப் பார்த்தேன், பொலபொலவென்று உதிர்கிறது. வானம் என்ன கொட்டினாலும் கொட்டட்டும். என் கூண்டு காய்ந்திருக்கிறது.

நவம்பர் 25

ஷைனிக்கு நானே போன் போட்டேன். "ரெண்டு செத்துப்போச்சு. அன்னைக்குப் பொய் சொன்னேன். தப்பு என்னுதுதான், கூண்டை அடைச்சு வச்சேன்," என்றேன்.

போன் கை மாறியது. பிறகு ஆறு வாரத்தில் முதல் தடவையாக ரெஜினாவின் குரல். "எது ரெண்டு?"

"சிஸ்டரும் கறுப்பியும்."

எண் என் வாயில் வரவில்லை.

"டீச்சர் எப்படி இருக்கு?"

"எல்லாரையும் முறைச்சுட்டு இருக்கு."

சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 3

பருவநிலை: மழை விட்டது. காலையில் புல்மேல் நீர்ப்பனி. இன்னும் பத்து நாளில் உறைந்துவிடும்.

இப்போது ஊரே என் கூண்டைப் பற்றிக் கவலைப்படுகிறது. கோயிலில் உபதேசியார் மனைவி, பால் கொண்டுவருகிறவர், தண்ணீர் திறக்க வருகிறவர், எல்லோரும் அந்த ஒரு சாண் இடைவெளியைக் காட்டி, "பனியில விறைச்சுச் செத்துப்போயிரும் சார், அடைங்க," என்கிறார்கள். போன மாதம் நான் சொன்ன அதே வார்த்தை. ஒருவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. "உள்ளே பதினோரு நிமிஷம் உக்காந்து பாருங்க, அப்புறம் பேசலாம்," என்று மட்டும் சொன்னேன். எனக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று பேச்சாம். பேசட்டும்.

டிசம்பர் 8

இன்று மாதா திருநாள். வருடா வருடம் இந்த நாளில் நானும் ரெஜினாவும் பூசைக்குப் போவோம், கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம், திரும்பி வருவோம். போகும்போதும் பேச மாட்டோம், வரும்போதும் பேச மாட்டோம். இந்த வருடம் தனியாகப் போனேன்.

ஜெரால்டு. எங்கள் மூத்தவன். நாற்பத்தேழு நாள் இருந்தான். அப்போது இதே வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு. புகை பிள்ளைக்கு ஆகாது என்று ரெஜினா படுக்கையறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தாள். மாதா திருநாள் காலையில் பிள்ளை உயிரோடு இல்லை. வெளியே பனி பூத்திருந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை, ஜன்னலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றார். நான் கேட்டேன். எனக்குப் புரிந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த ஜன்னலைச் சாத்தினேன். மறுநாளும் சாத்தினேன். அவள் திறப்பாள், நான் சாத்துவேன். முப்பத்தொரு வருடம். இந்த அக்டோபரில் அவள் மறுபடி திறந்தாள், ஆணி அடித்தேன்.

உன்னால்தான் என்று ஒரு நாளும் அவளிடம் நான் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. தினமும் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறவன் வாயைத் திறந்து வேறு சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறேன். அவளும் ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 14

உறைபனி. போஜன் வீட்டு உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிவிட்டது. வாளித் தண்ணீர்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தகடு.

ஆறு மணிக்குக் கூண்டுக்குப் போனேன். கதவைத் திறந்தேன். ஆறும் வரிசையாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, புது இறகை உப்பவைத்துக்கொண்டு பந்து பந்தாக உட்கார்ந்திருக்கின்றன. டீச்சரின் இறகுக்குள் விரலை விட்டேன். அடுப்புப் பக்கத்தில் வைத்த துணி போலக் கதகதவென்றிருந்தது. தொட்டதற்காக ஒரு கொத்து கொத்தியது. கொத்தட்டும், உயிரோடு இருந்து கொத்தட்டும்.

பழுது: கவர்னரின் கொண்டை நுனி வெளுத்திருக்கிறது. பனி அங்கேதான் பிடிக்கும்.

நடவடிக்கை: தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று எடுத்தால் பாட்டிலில் கல்லாகக் கிடக்கிறது. விளக்கெண்ணெய் இந்தக் குளிரிலும் உறையவில்லை. அதைத் தடவினேன். மொட்டச்சியின் கழுத்துக்கும் தடவினேன். மினுமினுவென்று கல்யாணப் பெண் மாதிரி நடக்கிறது.

டிசம்பர் 19

பருவநிலை: வெயில். நிழலில் நின்றால் பல் கிட்டுகிறது.

நடவடிக்கை: படுக்கையறை ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கினேன். இரண்டு மாத ஈரத்தில் துருவேறி மரத்தோடு ஒட்டிவிட்டன. கட்டிங் பிளேயரால் ஐந்து வந்தன. ஆறாவது தலை உடைந்து உள்ளேயே நின்றது. உளியால் சட்டத்தைச் செதுக்கி எடுத்தேன். சட்டம் அசிங்கமாகிவிட்டது. பசையும் மரத்தூளும் குழைத்து வைத்து மூடத் தெரியும். மூடவில்லை, அப்படியே இருக்கட்டும்.

டிசம்பர் 20

ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் படுத்தேன். மூன்று கம்பளி, மங்கி குல்லா. காலையில் எழுந்தேன். சாகவில்லை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். போஜன் வீட்டிலிருந்து அவரைக்காய்க் குழம்பும் சாமை சோறும் வந்தது. நான் கடையில் வாங்கிய கேக் அனுப்பினேன். ஷைனி போனில் வாழ்த்து சொன்னாள். பின்னால், "நல்லா சாப்பிடச் சொல்லு," என்று ஒரு குரல் கேட்டது. கோழிகளுக்கும் இரண்டு துண்டு கேக் போட்டேன். கவர்னர் வாயில் வைத்துத் துப்பினார்.

டிசம்பர் 30

கூண்டில் முட்டை! அக்டோபருக்குப் பிறகு முதல் முட்டை. சின்னது, ஓட்டில் லேசாக ரத்தக் கோடு. யார் வைத்தது என்று தெரியாது. ராங்கி என்கிற எண் 5-தான் ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டிருந்தது. அதனால் அதுவாகத்தான் இருக்கும். அடுப்பு மேடையில் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். பொரிப்பதாக இல்லை.

ஜனவரி 1

நாளை செபஸ்தியான் வருவான். கூண்டுக் கதவுக்குப் பூட்டு போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். என்ன செய்வான், பார்க்கலாம்.

ஜனவரி 2

பருவநிலை: உறைபனி. ஒன்பது மணிக்கு மேல் வெயில்.

பத்து மணிக்கு வண்டிச் சத்தம். நான் கூண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். செபஸ்தியான் இரண்டு கூடையோடு இறங்கினான். பின்னாலேயே மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ரெஜினா இறங்கினாள். மெலிந்திருக்கிறாள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"அக்காவே வந்து கேக்கட்டும்னு சொன்னீங்களாமே," என்றாள்.

சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். கயிற்று முடிச்சு அவிழ மறுத்தது, அதில் ஒரு நிமிடம் போனது. செபஸ்தியான் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தான்.

உள்ளே போனவள் நிமிர்ந்து கூரைக்குக் கீழே விட்டிருந்த இடைவெளியைப் பார்த்தாள். ஒரு சாண் வைத்து அளந்தாள். மரத்தூளைக் கிள்ளி முகர்ந்தாள். டீச்சரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது முறைக்கக்கூட இல்லை, துரோகி.

"இந்தப் பனியில திறந்தா வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"நீங்களா?"

"நான்தான்."

டீச்சரோடு வீட்டுக்குள் போனாள். நான் பின்னால் போனேன். படுக்கையறை வாசலில் நின்றுவிட்டாள். ஜன்னல் இரண்டு கதவும் திறந்து கிடந்தது. சட்டத்தில் ஐந்து துளை, ஆறாவது இடத்தில் நான் செதுக்கிய பள்ளம். அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

மூன்று வாரமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அழகாகத்தான் வைத்திருந்தேன். சொல்லும்போது எல்லாம் கலைந்துவிட்டது.

"ஜெரால்டு போனதுக்கு ஜன்னல் காரணமில்ல, ரெஜி. டாக்டர் சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் சாத்தினேன். யார் மேலயாவது போடணும்னு இருந்துச்சு. உம்மேல போட்டேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கோழியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் முதுகையே தடவிக்கொண்டிருந்தாள். அழுதாள். நானும் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு இப்போது ஒன்றுமில்லை.

"முப்பத்தொரு வருஷம்ங்க," என்றாள்.

"ஆமா."

வெளியிலிருந்து செபஸ்தியான் குரல் கொடுத்தான். "அக்கா, வெயில் ஏறுது. கோழிங்களை ஏத்தட்டுமா?"

"கூடையைக் கீழ வைடா," என்றாள். "வந்து டீ குடிச்சிட்டுப் போ."

பிறகு கட்டில்மேல் கிடந்த என் கம்பளியை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பள்ளத்தாக்கிலிருந்து காற்று நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அப்பப்பா, என்ன குளிரு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன்."

முடியாது என்று சொல்லிவிட்டேன்.